ஏழு காம்பராக்களும் ஏழு ஷார்ப்பும்

மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் ஷார்ப் குறியைப் படித்த புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, பட்டிப்பாறைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பரா தரையைவிட்டு ஏழடி உயர்ந்து, நான்கு எண்ணும் நேரம் அங்கேயே நின்று, பிறகு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தக் காம்பராவில் குடியிருந்த ஜெயலெட்சுமி, காய்ச்சலென்று அன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாசல் வழியாகப் பார்த்தபோது பக்கத்துக் கூரைத் தகரம் தெரிந்தது. மகன் போன வருடம் தொலைத்த ஒற்றைச் செருப்பு அதன்மேல் கிடந்தது. வீடு இறங்கியதும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய் முதலில் அந்தச் செருப்பைத் தட்டி எடுத்தாள். ரொட்டி கருகவில்லை.

பாடம் நடத்தியவள் மேனுஷா டீச்சர். பதுளை நகரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முத்தையாவின் ஒரே மகள், வயது இருபத்தாறு. பியானோ இருக்கும் பள்ளிக்கூடம் ஒன்று கிடைக்கும் என்று நம்பியிருந்தவளுக்கு, ஹாலிஎலையிலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் பிடித்து, கடைசி முக்கால் மைலை நடந்து ஏற வேண்டிய தோட்டப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அங்கே வாயால் ஊதி வாசிக்கும், மூன்று கட்டைகள் ஊமையாகிவிட்ட ஒரு மெலோடிக்கா இருந்தது. முத்தையா அன்றிலிருந்து இடமாற்றத்துக்கு ஆள்பிடித்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டுச் சோற்றையும் வீட்டுத் தண்ணீரையும் கட்டிக்கொண்டு வந்து, மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கிவிடுவாள். மூன்று வருடத்தில் ஒரு காம்பராவுக்குள்ளும் அவள் நுழைந்ததில்லை. அவள் கெட்டவள் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு ஜன்னலுக்கு நேரே, ஓடைக்கு அந்தப்புறம், மேல் லயம் தெரியும். ஒரே கூரையின் கீழ் ஏழு காம்பரா, ஏழு கதவு. மெலோடிக்காவைக் காட்டிப் பிரயோசனமில்லை என்று தெரிந்த மேனுஷா அந்தக் கதவுகளைக் காட்டினாள். முதல் காம்பரா சி, அடுத்தது டி, அதற்கடுத்தது ஈ, எஃப், ஜி, ஏ, கடைசியில் இருப்பது பி. ஷார்ப் போட்டால் சுரம் அரைச் சுரம் மேலே போகும், ஃப்ளாட் போட்டால் அரைச் சுரம் கீழே இறங்கும், நெச்சுரல் போட்டால் தன் சொந்த இடத்துக்கே திரும்பும் என்றாள். பாட்டுக்கு நடுவில் போடும் குறி அந்தக் கட்டத்தின் நான்கு எண்ணிக்கை முடியும் வரைதான் செல்லும், கட்டத்தின் கோட்டைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை என்றும் சொன்னாள். எல்லாம் பயிற்சிக் கல்லூரியில் எழுதிவந்த குறிப்பில் உள்ளபடிதான். தோட்டத்தில் அரைச் சுரம் என்பது ஏழடி என்று மட்டும் அதில் இல்லை. கரும்பலகையில் எஃப்புக்கு முன்னால் ஷார்ப் போட்டுப் பிள்ளைகள் பாடியதும் நாலாவது கதவு மேலே போனது. அந்த வீட்டுப் பையன் நிமலன் மட்டும், "டீச்சர், எங்கம்மா உள்ளுக்கு இருக்காங்க" என்றான். பள்ளி அதிபர் மொஹிதீன் சம்பவப் புத்தகத்தில், இசைப் பாடத்தின்போது ஒரு காம்பரா உயர்ந்ததாகவும் பாடம் தடையின்றி நடந்ததாகவும் எழுதிக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை ஃப்ளாட் பாடம். பி ஃப்ளாட்டைப் பாடியபோது ஏழாவது காம்பரா மண்ணுக்குள் இறங்கியது. நான்கு எண்ணும் நேரம் கூரைத் தகரம் மட்டும் தரையில் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. பிறகு அதுவும் மேலே வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் அந்த வீட்டு இராக்கம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்திருந்தவளின் முதுகில் கொழுந்துக்கூடை இன்னும் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"டீச்சர், நாலு எண்ணுற நேரம் நான் மண்ணுக்குள்ள இருந்தேன். எங்கக்கா மண்ணு சரிஞ்ச மீரியபெத்தயில இருந்துச்சு. அது இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கு."

மேனுஷா தன் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். இராக்கம்மா உட்காரவில்லை.

"பாடம்னா பாடந்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எம் மக சிவசக்தி இனிமே பாட மாட்டா. பாட்டு நேரத்துல அவளை வெளிய ஒக்கார வச்சிருங்க."

அன்று மேனுஷா கொண்டுவந்த சோற்றைத் தின்னாமலே பஸ் ஏறினாள். அடுத்த வாரத்திலிருந்து சிவசக்தி பாட்டு நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் லயத்தின் சுவரில் பத்து வருடமாக ஒரு சிவப்புக் குறி உண்டு. மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு வந்த அதிகாரிகள் இது சரியும் மண் என்று அடித்துவிட்டுப் போனது. ஏழு குடும்பத்துக்கும் வேறிடத்தில் வீடு கட்டித்தரும் பட்டியலில் பெயர் இருந்தது, பட்டியல் பத்திரமாகவும் இருந்தது. காம்பரா உயர்ந்த செய்தி போனதும் பத்து வருடம் வராத ஜீப் பத்தே நாளில் வந்தது. தோட்டத் தொரையும் மூன்று அதிகாரிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை எஃப் ஷார்ப் பாடச்சொல்லி, உயரத்தை நாடாவால் அளந்தார்கள். அளவு சரியாக ஏழடி இருந்தது. தேவைப்படும்போது தரையைவிட்டு எழும்பக்கூடிய லயத்துக்குத் தரையால் ஆபத்து இருப்பதாகக் கொள்ள முடியாது என்று அறிக்கை எழுதினார்கள். மேல் லயம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிவப்புக் குறியின்மேல் வெள்ளையடிக்க ஆளும் அனுப்பினார்கள். அந்த ஒரு வேலை மட்டும் சொன்ன தேதியில் முடிந்தது.

இதற்குப் பிறகு லயத்தில் ஒருவரும் மேனுஷாவைத் திட்டவில்லை, வழியில் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஜெயலெட்சுமியிடம் மட்டும் போய், "நான் வேணும்னு செய்யலக்கா" என்றாள். "தெரியும் டீச்சர். வேணும்னு செய்றவங்களுக்குத்தான் ஜீப்பு இருக்கே" என்றாள் ஜெயலெட்சுமி. கல்வி வலயத்திலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர், ஷார்ப்பும் ஃப்ளாட்டும் பாடத்திட்டத்தில் உள்ளவை, நிறுத்த முடியாது, ஆனால் குடியிருப்புகளைத் தொடாமல் கற்பிக்க வேண்டும் என்றார். பாட்டின் தொடக்கத்திலேயே போட்டு, பாட்டு முழுவதற்கும் செல்லுபடியாகும் குறிகளைப் பற்றிப் பேசவே கூடாது, அது ஆறாம் தரத்துப் பாடம் என்றும் எச்சரித்தார். மேனுஷா ஒரு வருடத்துக்கும் மேலாக நெச்சுரல் பாடத்தை மட்டுமே நடத்தினாள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்திலேயே இருக்கும் அந்தப் பாடம் அதிகாரிகள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளுக்கு நற்சான்று ஒன்றும் வந்தது.

பிள்ளைகள் நாலாம் தரத்தில் இருந்த கார்த்திகையில் மழை பிடித்தது. நாலாம் நாள் மலையில் வேலையில்லை, பெரியவர்கள் எல்லோரும் லயத்தில் இருந்தார்கள். காலையில் வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பதினொரு மணிக்கு ஓடைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. பன்னிரண்டுக்கு லயத்துக்கு மேலே மண் வெடித்து, இரண்டு பக்கப் பாதையும் அறுந்தது. மொஹிதீன் சேர் போனில் கூப்பிட்ட இடங்களிலெல்லாம் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மணிக்குச் சற்று முன்னால், மலை உச்சியிலிருந்த யூகலிப்டஸ் மரங்கள் நின்ற நிலையிலேயே, காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க வரிசை கட்டி வருகிற ஆட்களைப் போல, மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கின.

"டீச்சர், ஷார்ப்பு போடுங்க" என்றான் நிமலன்.

போட்டாள். பாடினார்கள். நாலாவது காம்பரா எழுந்தது, ஜெயலெட்சுமி வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான்கு எண்ணி முடிந்ததும் இறங்கிவிட்டது. மரங்கள் இறங்குவதை நிறுத்தவில்லை. மேனுஷாவின் கையில் சாக்கட்டி இரண்டாக உடைந்தது. அவள் பலகையை முழுவதும் அழித்து ஐந்து கோடுகளைப் புதிதாக இழுத்தாள்.

"இங்க பாருங்க. பாட்டுக்கு நடுவுல போட்டா ஒரு கட்டம்தான் நிக்கும். பாட்டுக்குத் தலையிலேயே போட்டுட்டா பாட்டு முடியிற வரைக்கும் நிக்கும். இது ஆறாந் தரத்துப் பாடம். இப்ப படிக்கிறோம். அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க வந்து போடுங்க."

ஏழு ஷார்ப்புக்கும் ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற முடியாது. எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. நிமலன் முதலில் போட்டான். பிறகு ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையாக வந்து, எட்டாதவர்கள் நாற்காலியில் ஏறி, தங்கள் சுரத்தின் இடத்தில் குறியை எழுத, மற்றவர்கள் பாடினார்கள். நாலாவது, முதலாவது, ஐந்தாவது, இரண்டாவது, ஆறாவது, மூன்றாவது என்று காம்பராக்கள் எழுந்து நின்றன. ஏழாவது மட்டும் தரையில் இருந்தது. சிவசக்தி வாசற்படியில் இருந்தாள். ஒன்றரை வருடமாகப் பாடாத பிள்ளை.

"எனக்கு எறக்கத்தான் தெரியும் டீச்சர்" என்றாள்.

மேனுஷா அவளைத் தூக்கிப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். "ரெண்டு தூண், ரெண்டு குறுக்குக் கம்பி. அம்மா அங்க நிக்கிறாங்க பாரு. எழுது."

சிவசக்தி எழுதினாள். எழுதிப் பழகாத கையில் ஒரு தூண் சாய்ந்துவிட்டது. ஏழாவது காம்பரா சாய்ந்தபடியே எழுந்தது. அதன் அடியில் வெளிச்சம் தெரிந்த அதே நேரம் மண் வந்து சேர்ந்தது. லயம் நின்ற இடத்தின்மேல் ஆறடிக்குச் சேறும் கல்லும் மரமும் போயின. பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். சத்தம் அடங்கியபோது ஏழு வாசலிலும் முப்பத்தொரு பேர் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராக்கம்மா மட்டும் கீழே பார்க்கவில்லை. ஜன்னலில் தெரிந்த மகளைப் பார்த்து, ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

பாட்டின் முடிவில் போடும் இரட்டைக் கோட்டை மேனுஷா போடவில்லை. போட்டால் பாட்டு முடிந்துவிடும், லயம் இறங்க வேண்டும், இறங்குவதற்குத் தரை இல்லை. பிள்ளைகள் தொண்டை கட்டி நிறுத்திய பிறகும் லயம் அங்கேயே நின்றது. பலகையை யாரும் தொடக்கூடாது என்று மொஹிதீன் சேர் கயிறு கட்டினார். வகுப்புக்கு வேறு பலகை வந்தது. தோட்டம் ஏழு ஏணி கொடுத்தது. பட்டியலில் மறுபடி சேர்க்கச் சொல்லி எழுதிய மனுவுக்கு, மண்ணில் இல்லாத வீட்டுக்கு மண்சரிவு நிவாரணம் பொருந்துமா என்று சட்ட ஆலோசனை கேட்டிருப்பதாகப் பதில் வந்தது. நாலாம் தரத்துக்கு ஆறாம் தரப் பாடத்தை ஏன் நடத்தினீர் என்று மேனுஷாவிடம் விளக்கம் கேட்டார்கள். மழை காரணமாகப் பாடத்திட்டத்தை முந்த நேர்ந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் இராக்கம்மா ஏணிக்குக் கீழே வந்து நின்று, "ஏறுங்க டீச்சர், பாத்து, மூணாவது படி ஆடும்" என்றாள். மேனுஷா சாய்ந்த தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சோறு தின்றாள். பருப்பு ஒரு பக்கமாக ஓடியது. சிவசக்தி அதைத் தடுக்க ஒரு அப்பளத்தை நட்டுவைத்தாள். அந்த மாதமே பியானோ உள்ள பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. போகவில்லை என்று மகள் சொன்னதும் முத்தையா போனில் கேட்டார், "ஆகாசத்துல வீடு வச்சிருக்கவங்களுக்கு நீ என்ன காவலா?"

"இல்லப்பா. பாட்டு இன்னும் முடியல."

வைகாசியில் கிராம சேவகர் குடியிருப்பு விவரம் எடுக்க வந்து, படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறினார். இராக்கம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே எத்தனை பேர், என்ன தொழில் என்று கேட்டு எழுதினார். தரை என்ற இடத்தில் மண், சிமெந்து, பலகை, வேறு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அவர் வாசலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு 'வேறு' என்பதில் சரி போட்டார். வேறு குறைபாடு ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, அடுப்புப் பக்கம் கூரை ஒழுகுகிறது என்றாள் இராக்கம்மா. அவர் நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார். ஆமாம், ஓட்டை இருக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார்.