காலியாக விட்ட கட்டம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. வீடுன்னா நானும் அம்மாவும்தான், அதனால சொல்றது ஒரே ஒரு ஆள். அன்னைக்குக் காலேஜ் உதவித்தொகை ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருந்த பட்டியலை மூணு தடவை படிச்சேன். டேட்டா சயின்ஸ் முதல் வருஷத்துல இருந்து பதினெட்டு பேர். என் பேர் இல்லை. என்னைவிடக் குறைச்சலா மார்க் வாங்கின ஏழு பேர் இருந்தாங்க. லேபுக்கு வந்தாலே தூங்கிடற ஒருத்தன், அவன்கூட இருந்தான்.

இது கௌரவப் பிரச்சினை இல்லை. முதல் வருஷக் கட்டணத்தை அம்மா எப்படியோ கட்டிட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு இந்த உதவித்தொகையை விட்டா வேற வழி கிடையாது. கிடைக்கலைன்னா, தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துலேயே எனக்கும் ஒரு இடம் இருக்குன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை.

விறுவிறுன்னு உள்ள போனேன். மேசையில இருந்தது முத்திரை அக்கா. எந்தக் காகிதம் கொடுத்தாலும் டொம்முனு முத்திரை குத்துறதால பசங்க வெச்ச பேரு. அவங்ககிட்ட வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். சிபாரிசு இருந்தாத்தான் கிடைக்குமா, விண்ணப்பத்தை யாராவது படிக்கிறீங்களா இல்லை எடை போட்டு வித்துடுறீங்களான்னு கேட்டேன். அவங்க டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தாங்க. நான் மூச்சு வாங்க நிறுத்தினப்போ, பதிவு எண் என்னன்னு மட்டும் கேட்டாங்க.

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாங்க. என் விண்ணப்பம். மார்க், விலாசம், அம்மா வேலை, அம்மா சம்பளம், எல்லாம் சரியா இருந்துச்சு. அதுக்குக் கீழ அப்பா வருமானம்னு ஒரு கட்டம். காலி.

"இதை ஏன்மா நிரப்பலை?"

எங்களுக்கு முதல் மாசமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. தெரியாத இடத்துல பூஜ்யம் போடக்கூடாது. பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம், காலியா விட்டா தெரியலைன்னு அர்த்தம். ரெண்டையும் கலந்தா மொத்தக் கணக்கும் கெட்டுப் போயிடும். அப்பாவுக்கு என்ன வருமானம்னு எனக்குத் தெரியாது. அதனால படிச்சபடி ஒழுங்கா காலியா விட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரோ, காலிக் கட்டம் இருக்கிற விண்ணப்பத்தையெல்லாம் அரைகுறைன்னு தள்ளிவிட்டுட்டு மிச்சத்தைப் பட்டியல் போட்டிருக்கு.

இதைச் சொன்னதும் முத்திரை அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மத்த பிள்ளைங்க தெரியலைன்னா ஏதோ ஒரு நம்பரைத் தட்டிட்டுப் போயிடுவாங்களாம், டேட்டா படிக்கிறவதான் இப்படி ஒழுங்கா போய் மாட்டிக்குவாளாம். எனக்குச் சிரிப்பு வரலை. லேபுல நானும் இப்படித்தான், காலி இருக்கிற வரிகளை ஒரே கட்டளையில அழிச்சிருக்கேன். நூத்துக்கணக்குல அழிச்சிருக்கேன். அதுல ஒவ்வொரு வரியும் ஒரு ஆளுன்னு ஒரு நாளும் உறைச்சதில்லை.

இப்பவே பூஜ்யம்னு போட்டுடலாமான்னு கேட்டேன். அது உண்மையான்னு கேட்டாங்க. தெரியாது, அவர் எங்க இருக்கார்னே தெரியாதுன்னேன். அப்போ போடாதேன்னாங்க. விதியில ஒரு வழி இருக்காம். அப்பா எங்க இருக்கார்னு தெரியாத குடும்பம்னா, அம்மா நேர்ல வந்து அதை எழுதிக் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு உதவித்தொகைக் குழு கூடுது, அதுக்குள்ள வந்தா என் பேரைச் சேர்த்துடலாம். அப்போ மணி ரெண்டரை.

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நேரம் போதாதுன்னு இல்லை. அம்மா இதை எழுதுவாங்களான்னுதான்.

ஏன்னா, எங்க அப்பா வெளிநாட்டுல வேலையில இருக்கார். அக்கம்பக்கத்துக்கு, சொந்தக்காரங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும் அம்மா சொன்னது இதுதான். ஏழு வருஷமா. ஸ்கூல் விண்ணப்பம் எல்லாத்தையும் அம்மாவே நிரப்புவாங்க, அப்பா வருமானம்னு ஒரு தொகையையும் எழுதிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சமையலறைக்குள்ள போய் அவர்கூட போன்ல பேசுவாங்க. பேசிட்டு வந்து அப்பா இதைச் சொன்னார், அதைச் சொன்னார்னு சொல்லுவாங்க. எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை தண்ணி குடிக்கப் போனேன். அம்மா போனைக் காதுல வெச்சு, உடம்பைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. அந்த போன் ரெண்டு நாளா சார்ஜ் இல்லாம செத்துக் கிடந்த போன். நான் சத்தம் போடாம திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறமும் வாரா வாரம், அப்பா என்ன சொன்னார்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இந்த விண்ணப்பம்தான் நானே நிரப்பின முதல் விண்ணப்பம்.

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் லேசுல ஆளை விடமாட்டார். முத்திரை அக்காவே போனை எடுத்து, காலேஜ்ல இருந்து அவசரமா கூப்பிடறதா ஒரு அதட்டல் குரல்ல சொன்னாங்க. என்னைத் தள்ளிவிட்ட மாதிரியே வேற யாரையெல்லாம் கம்ப்யூட்டர் தள்ளியிருக்குன்னு, அம்மா வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். இன்னும் நாலு பேர். அவங்க நாலு பேருக்கும் அக்காவே போன் போட்டாங்க. அவங்க சாப்பாட்டு டப்பா பிரிக்காம ஓரமா இருந்துச்சு. அரை மணி நேரம் முன்னாடி இவங்களையா அப்படிப் பேசினோம்னு எனக்கு வெட்கமா போயிடுச்சு.

மூணேகாலுக்கு அம்மா வந்தாங்க. ஏப்ரன்கூட கழட்டலை, முகமெல்லாம் நீராவியில சிவந்திருந்துச்சு. எனக்கு ஏதோ அடிபட்டுடுச்சுன்னு நினைச்சு வந்திருக்காங்க. விஷயத்தை அக்கா பொறுமையா சொல்லி, என் விண்ணப்பத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் முன்னாடி வெச்சாங்க. அம்மா விண்ணப்பத்தையே பார்த்துட்டிருந்தாங்க. அந்தக் கட்டத்துல விரலை வெச்சாங்க. முத்திரை அக்கா என்ன நினைச்சாங்களோ, தண்ணி கொண்டு வரேன்னு எழுந்து வெளிய போயிட்டாங்க.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எட்டாவது படிக்கும்போது."

"அப்புறம் ஏன் வாரா வாரம் அப்பா என்ன சொன்னார்னு கேட்டே?"

எதிர்த்துப் பேசறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அன்னைக்கு மெதுவாத்தான் சொன்னேன்.

"நல்லா சாப்பிடு, பயப்படாதே, நீ கணக்குல கெட்டிக்காரி, எவ்வளவு வேணாலும் படின்னு சொன்னார்னு சொல்லுவியேம்மா. அதெல்லாம் யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும். அதைக் கேக்கத்தான் கேட்டேன்."

அம்மா அழலை. ஏப்ரன்ல கையைத் துடைச்சாங்க, ஈரமே இல்லாத கையை. பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. என் கணவர் ஏழு வருஷத்துக்கு முன்னாடி எங்களை விட்டுப் போயிட்டார், எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது, என் மகளை நான்தான் வளர்க்கிறேன். மூணு வரி. கையெழுத்துப் போட்டுட்டு, எழுத்துப் பிழை இருக்கான்னு என்னைப் பார்க்கச் சொன்னாங்க. இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா வந்து முத்திரையை எடுத்தாங்க. மத்த நேரம் டொம்முனு குத்துறவங்க, அந்தத் தாள்ல மட்டும் மெதுவா அழுத்தி எடுத்தாங்க.

மூணு வாரம் கழிச்சு, லீவு நாள்ல சலவைக்கூடத்துல அம்மாவுக்கு ஒத்தாசையா படுக்கை விரிப்பு மடிச்சுட்டிருந்தேன். ஆளுக்கு ரெண்டு முனை பிடிச்சிருந்தோம். போன் அடிச்சுது. முத்திரை அக்கா. கடைசி வருஷம் வரைக்கும் முழுக் கட்டணமும் கிடைச்சிருக்காம். அதை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன். அம்மா போனை வாங்கினாங்க. நீங்க நல்லா இருக்கணும், உங்களை ஆயுசுக்கும் மறக்கமாட்டோம்னு எனக்கும் சேர்த்து அவங்களே சொன்னாங்க. அக்கா ஏதோ கேட்டாங்க போல. உதவித்தொகைக் கடிதத்தைக் குடும்பத் தலைவர் பேருக்குத்தான் அனுப்பணுமாம், யார் பேரைப் போடட்டும்னு.

சுத்தி அம்மாகூட வேலை பார்க்கிறவங்க பத்துப் பேர் நின்னாங்க. ஏழு வருஷமா வெளிநாட்டுக் கதையைக் கேட்டவங்க. அம்மா குரலைத் தாழ்த்தலை.

"அவர் எங்ககூட இல்லைங்க. என் பேரையே போடுங்க."

போனை என்கிட்ட கொடுத்துட்டு, தரையில விழுந்திருந்த விரிப்பு முனையை எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் அழுதாங்க.