எண்ணிக்கை கூடுதல், உருவம் சிறிது

"எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்குன்னு சொல்றேன்ல, அப்புறம் என்ன சோகைங்கிற?"

"எண்ணி என்னத்தக் கிழிச்சீங்க? ஒவ்வொண்ணும் கடுகு சைஸ்ல இருக்கு!"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என் சிவப்பணுக்களைப் பற்றித்தான் சண்டை. எண்ணும் பிரிவு சேவியர் ஒரு பக்கம், அளக்கும் பிரிவு மங்கையர்க்கரசி மறுபக்கம். அணுக்கள் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. இடம் போதாமல் நடைபாதையை நீட்டிக்கொண்டே போனார்கள்.

என் மகள் நிறைமதி மூன்று மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் அணுக்கள் சிறிதாம். பரம்பரையா என்று தெரிய அவள் அப்பாவான என் ரிப்போர்ட் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரம்பரை என்றால் மாப்பிள்ளைக்கும் பார்க்க வேண்டும். இருவருக்கும் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து வரலாம்.

"ரத்தம் ஊறணும்னு பதினோரு வாரமா ஆட்டுச் சுவரொட்டி வறுத்துச் சாப்பிடுறேன் மேடம்" என்றேன்.

"தெரியும். ஆடு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு."

"அப்ப இரும்புச்சத்து?"

"அது சரியா இருக்கு. இது பரம்பரை மாதிரிதான் தெரியுது."

சேவியரும் தலையாட்டினார். சண்டை அதோடு முடிந்தது.

அடுத்த பெஞ்சில் என் அப்பா இருந்தார். அவர் இறந்து பத்தொன்பது வருடம். அவர் டோக்கனை இன்னும் கூப்பிடவில்லை.

"என்னடா, உனக்கும் கடுகா?"

"ஆமாப்பா."

"முப்பது வருஷம் இரும்பு மாத்திர முழுங்குனேன். இரும்பு கொறச்சலான்னு ஒருத்தனும் பாக்கல."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை.

மங்கையர்க்கரசி ஒரு படிவத்தை நீட்டினார். இரண்டே கேள்வி. யாரிடமிருந்து வந்தது. யாருக்குப் போனது. அப்பாவின் மடியிலும் அதே படிவம். இரண்டாவது கேள்விக்கு எதிரே காலியாக இருந்தது.

"எழுதுனா உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்ல" என்றார் அப்பா.

என் படிவத்தில் முதல் கேள்விக்கு அப்பாவின் பெயரை, ரத்தினசபாபதி என்று எழுதினேன். கீழே நிறைமதி என்று எழுதினேன். அணுக்கள் எல்லாம் எழுந்து நின்றன.

சேவியர் போனை என் கையில் வைத்தார். "நீங்களே சொல்லிருங்க. இத நாங்க சொல்றதில்ல."

"அப்பா, ரிப்போர்ட் வந்துருச்சா?" என்றாள் நிறைமதி.

அவள் இன்னும் லைனில் இருக்கிறாள். படிப்பவர்களில் யாராவது பெற்ற பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், முதலில் என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.