அபூ காலிபின் சம்மதம்

அகபா என்ற அரபு நாட்டுத் துறைமுகத்தில் மீன் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். ஐஸ் விற்பவர் அபூ காலிப் ஒருவர்தான். இன்னொருவர் ஐஸ் ஆலை தொடங்க வேண்டுமென்றால், ஏற்கெனவே நடத்துபவர் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று ஒரு விதி. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த விதி, எந்தப் புண்ணியவான் எழுதினானோ! ரிஹாப் ஒன்பது வருஷம் அந்தக் கடிதத்துக்காக நடையாய் நடந்தாள். ஐஸ் விலை கட்டுப்படியாகாமல் அவள் கணவனும் மற்றப் படகுக்காரர்களும் பாதி மீனை மதியத்துக்குள் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஊர் சிறப்புப் பொருளாதார மண்டலமாகிவிட்டது, பழைய கெடுபிடிகள் போய்விட்டன என்று வானொலி சொன்னது. ரிஹாபின் பெரியப்பா ஔதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரேடியோ ஆயிரம் சொல்லும். பெரிய மனுஷங்க போய் உட்கார்ந்தாத்தாம்மா காரியம் நடக்கும்" என்றவர், மேலங்கி தரித்த பன்னிரண்டு பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு காலையிலேயே அபூ காலிப் வீட்டுக்குத் தூது போய்விட்டார்.

என்னென்ன காகிதம் கேட்பார்களோ, விசாரித்து வைப்போம் என்று ரிஹாப் மண்டல அலுவலகத்துக்குப் போனாள். ஒரே ஒரு சன்னல். உள்ளே இருந்த பெண் ரிஹாபின் பழைய மனுவை வாங்கிப் புரட்டினாள்.

"சம்மதக் கடிதமா? அந்த விதியே இப்ப இல்லக்கா."

முக்கால் மணி நேரத்தில் உரிமம் கையில் இருந்தது.

"அடுத்த முத்திரைக்கு எங்கம்மா போகணும்?" என்று ரிஹாப் கேட்டாள்.

"வீட்டுக்குப் போங்க."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படியிறங்கும்போதுதான் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தூது போனவர்கள், கேட்டது கிடைக்கும்வரை ஊற்றிய காப்பியைத் தொட மாட்டார்கள். குடித்துவிட்டாலோ, பேசியது பேசியதுதான். அதை மீறியவர் அந்த ஊரில் யாருமில்லை. பெரியப்பா எதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாரோ! அவள் ஓட்டமாய் ஓடினாள்.

அபூ காலிபின் குரல் வாசலிலேயே கேட்டது. "உங்க முகத்துக்காகச் சம்மதம் தர்றேன். ஆனா ஆலைல பாதி எனக்கு."

"பாதியாவது மிஞ்சுதே" என்று பெருமூச்சு விட்டு, பெரியப்பா கிண்ணத்தை எடுத்தார்.

"பெரியப்பா, குடிக்காதீங்க!"

ஆண்கள் கூடியிருந்த அறைக்குள் அவள் மூச்சிரைக்க நுழைந்து உரிமத்தை நீட்டினாள். பெரியப்பா ஒரு தடவை படித்தார். நம்பாமல் இன்னொரு தடவை படித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அபூ காலிப், உன் சம்மதத்தை நீயே பத்திரமா வச்சுக்கப்பா. நாங்க கிளம்பறோம்."

பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். அபூ காலிபின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வராதா என்ன!

"உட்காருங்க, உட்காருங்க! என் வீட்டுக் காப்பியைத் தொடாம போனா நான் வெளியில தலைகாட்ட முடியுமா? வேற ஏதாவது கேளுங்க, தர்றேன்!"

"உன்கிட்ட கேக்கறதுக்கு என்னப்பா இருக்கு?" என்றார் பெரியப்பா, பச்சைப் பிள்ளை மாதிரி.

இப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று ரிஹாபுக்குத் தோன்றியது. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து அது இனித்தது. ஆனால் இந்நேரம் கரையில் மீன் வெயிலில் கிடக்குமே.

"மாமா, என் ஆலை எழும்ப ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் படகுக்காரங்களுக்குப் பாதி விலையில ஐஸ் கொடுங்க."

"பாதியா? அநியாயம்!"

"ஆறு மாசம் கழிச்சு நானே அந்த விலைக்குத்தான் விக்கப்போறேன். இப்பவே பழகிக்கங்க."

அபூ காலிப் அவளைப் பார்த்தார். நிரம்பி நின்ற கிண்ணங்களைப் பார்த்தார். "சரி, குடிங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆறிப்போன காப்பியைப் பெரியப்பாவும் பன்னிரண்டு பேரும் அமிர்தமாகக் குடித்தார்கள். அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அபூ காலிப் தானே எழுந்து இன்னொரு கிண்ணத்தில் சுடச்சுட ஊற்றி, பெண்களுக்கு இடமில்லாத அந்தச் சபையில், ரிஹாபிடம் நீட்டினார்.

"நீயும் குடிம்மா போட்டிக்காரி. நாளையிலிருந்து நீ என்னைத் தூங்க விடப்போறதில்லைன்னு தெரியுது."

அவள் எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தாள்.