மகன் நட்ட கல்

அன்று காலை ஷம் முதலாளியோடு வந்த விருந்தாளிக்கு நாற்பத்தேழாம் எண் பைக்காரி போகட்டும் என்று மேற்பார்வையாளர் கத்தினார். நாற்பத்தேழு என்றால் யுக் முய். இருபத்திரண்டு வருடமாக அந்த கோல்ஃப் மைதானத்தில் ஊரான் மட்டைப் பையைச் சுமக்கிறவள். பையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் குழிக்கு வந்தவள், வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கூடப் பிறந்த தம்பி க்வோக் கியூங்.

போன மாதம்தான் வான்கூவருக்குப் போன் போட்டுக் கெஞ்சியிருந்தாள். "இந்த சிங் மிங் கல்லறைத் திருநாளுக்காவது வாடா. அப்பா கல்லறையில நீ பத்தி கொளுத்தி பதினோரு வருஷமாச்சு." "லீவு கிடைக்கலக்கா" என்றான். லீவு கிடைக்காத துரை, சிங் மிங் முடிந்த இரண்டாம் நாள் ஹாங்காங் புல்தரையில் இடுப்பை வளைத்து மட்டை சுழற்றிப் பார்க்கிறான்! வந்தவன் ஒரு போன் கூடச் செய்யவில்லை.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அகன்ற ஓலைத் தொப்பி, அதன் விளிம்பைச் சுற்றித் தொங்கும் கறுப்புத் துணி. வெயிலுக்காக எல்லாப் பைக்காரிகளும் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள்.

ஷம் முதலாளி அவன் நீட்டிய பெயர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி உரக்கப் படித்தார். "டெரெக் பாங். அட, சீனப் பேரும் போட்டிருக்கே. பாங் க்வோக் கியூங். நல்ல கனமான பேருதான்! விளையாட்டை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இங்கேயேதான் சார், சின்ன வயசுல. எங்கப்பா கப்பல் கம்பெனி வெச்சிருந்தார். ஞாயித்துக்கிழமையானா என்னையும் கூட்டிட்டு வருவார்."

கப்பல் கம்பெனியாம்! அப்பா முப்பது வருடம் இதே மைதானத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். கடைசி வரை அவர் காதில் அந்த இரைச்சல் நின்றதில்லை. இவன் கற்றுக்கொண்ட லட்சணமும் அவளுக்குத் தெரியும். வேலிக்கு வெளியே விழுந்த பந்துகளைப் பொறுக்கி, மூங்கில் கழியால் அடித்துப் பழகினான்.

"நூத்தி அறுபது கெஜம் சார். காத்து இடப்பக்கம் இழுக்குது" என்றாள் யுக் முய்.

குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. மட்டையை ஓங்கியவன் பாதியில் நிறுத்தினான். கறுப்புத் துணிக்குள் உற்றுப் பார்த்தான். அடித்த பந்து எங்கேயோ போயிற்று.

ஷம் முன்னால் நடந்ததும் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "அக்கா, தயவுசெஞ்சு எதையும் சொல்லிடாதே. வான்கூவர் கிளையை எனக்குத் தர்றதா ஷம் சொல்லியிருக்கார். அது பெரிய இடம்க்கா. சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்."

"எங்கேன்னு வருவே? என் வீடு எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்கு எப்படித் தெரியும்? சமையலும் கக்கூஸும் ஒரே தடுப்புக்குள் இருக்கும் அறை அவளுடையது. மைதானத்தை ஒட்டிய அவர்கள் ஊரில் ஆண் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் மூன்று மாடி வீடு கட்டிக்கொள்ள உரிமை உண்டு, பெண் பிள்ளைக்குக் கிடையாது. இவன் தன் உரிமையைக் கட்டடக்காரனிடம் விற்றுவிட்டு விமானம் ஏறினான். அதைக் கூட அவள் விழுங்கிவிட்டாள். நாலு வருடத்துக்கு முன்னால், ஊர் வழக்கப்படி அப்பாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கழுவித் தாழியில் வைத்து மறுபடி புதைக்க வேண்டிய நாள் வந்தது. அது மகன் கையால் நடக்க வேண்டிய காரியம். கூலிக்கு ஒரு ஆளை வைத்து அவளே செய்தாள். மண்டை ஓட்டை மடியில் வைத்துத் துடைத்தவள் அவள். அதைத்தான் விழுங்க முடியவில்லை.

இருந்தாலும் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஏழாவது குழி வருகிறது, அங்கே வந்தால் இவனாகவே தலை குனிவான் என்று அவளுக்குள் ஒரு பாழாய்ப்போன நம்பிக்கை.

ஏழாவது குழிக்கு இடப்பக்கச் சரிவுதான் ஊர் இடுகாடு. மைதானம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து அது அங்கே இருக்கிறது. கல்லறைக்குள் பந்து விழுந்தால் அங்கிருந்து அடிக்கக் கூடாது, எடுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம், அதற்கு அபராதம் இல்லை என்று கிளப் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

க்வோக் கியூங் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து சரிவுக்குள் உருண்டது. ஷம்மின் பைக்காரி மேலேயே நிற்க, மூவரும் போய்ப் பார்த்தார்கள். லாட வடிவத்தில் சிமென்டுச் சுவர், நடுவில் கொஞ்சம் புல், அதில் பந்து. சிங் மிங் அன்று யுக் முய் அப்பாவின் கல்லறையில் உட்கார்ந்து களை பிடுங்கிய புல். பின்னால் நின்ற கல்லில் எழுத்துகள் பளிச்சென்று சிவந்திருந்தன. அந்தச் சிவப்புச் சாயமும் அவள் பூசியதுதான்.

"வெளியே எடுத்துப் போட்டா மூங்கில் புதர்தான்" என்றார் ஷம், சுவருக்கு வெளியே நின்றபடி. "ரெண்டு பேரும் சமமா இருக்கோம். பேசாம அங்கேயே நின்னு அடிங்க. யார் பாக்கப்போறா? செத்தவன் எழுந்து வந்து கேக்கவா போறான்!" சிரித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். "பாங்னு போட்டிருக்கு. உங்க ஆளுங்களா?"

யுக் முய் தம்பியின் முகத்தையே பார்த்தாள். சொல்லுடா. இப்போதாவது சொல்லித் தொலையேன்.

"இந்தப் பக்கம் பாங்னு ஆயிரம் பேர் இருப்பான் சார்" என்றான்.

சொல்லிவிட்டு உள்ளே போனான். கல்லின் கீழ் ஓரத்தில், மண்ணை ஒட்டி, ஒரு வரி உண்டு: மகன் பாங் க்வோக் கியூங் நட்டது. நட்டவன் எவன், செலவழித்தவள் யார் என்பது வேறு கதை. மகள் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவன் கண் அந்த வரியில் பட்டது. பட்டதும், ஏதோ நிலை பார்த்து நிற்பவன் மாதிரி, ஆணி வைத்த செருப்போடு இடது காலைத் தூக்கி அதன் மேல் அழுத்தி வைத்தான்.

பந்துக்காக வைத்த கால் இல்லை அது. ஷம்மின் கண்ணிலிருந்து தன் பெயரை மறைக்க வைத்த கால். படுபாவி!

யுக் முய் வண்டியை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! உன்னை யாரு தொடச் சொன்னது?" என்று அவன் கத்தினான். "அடிக்கப்போறேன்னு தெரியுதில்ல?"

"யாரும் சொல்லல சார். சொல்லாம பைக்காரி பந்தைத் தூக்கினா ஆடறவருக்கு ஒரு அடி அபராதம். நான் பண்ணினதுக்கு நீங்க அனுபவிக்கணும். இத்தனை வருஷமா நீங்க பண்ணினதுக்கு நான் அனுபவிக்கலயா?"

ஷம்முக்குப் பின்பாதி புரியவில்லை. முன்பாதிக்குச் சிரித்தார். "விதி விதிதான் மிஸ்டர் பாங். ஒண்ணு கூட்டிக்குங்க. சரி, வெளியே வாங்க."

அவன் வரவில்லை. காலை எடுத்தால் பெயர் தெரிந்துவிடும். வேர் விட்டவன் மாதிரி நின்றான்.

"என்ன, கால் பிசகிடுச்சா?"

யுக் முய் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லைப் பார்த்து நின்றாள். "அப்பா, உங்க புள்ள வந்திருக்கான்" என்றாள். "பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கான். உங்க கல்லு மேல செருப்புக்காலோட நிக்கிறான். நல்லா பாத்துக்குங்க."

ஷம் சிரிப்பை நிறுத்தினார். சுவரைத் தாண்டி வந்து, அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, குனிந்து அந்த வரியைப் படித்தார். பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்க்கக் கூட வேண்டியிருக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கல்லைப் பார்த்து அவசர அவசரமாக மூன்று தரம் வணங்கினார். நிமிர்ந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"யோவ், முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ஒரு பெரிய மனுஷனை என் வாயால இளக்காரமா பேச வெச்சிட்டியே!"

அவர் தன் பைக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். எட்டாவது குழிக்கு அவர் காத்திருக்கவில்லை.

"திருப்திதானா?" என்றான் தம்பி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "என் பொழப்பையே கெடுத்துட்டே."

"ஒரு தடவை குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போடா. அது போதும் எனக்கு."

அவன் தள்ளுவண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லாமல் பந்தைத் தொட்டதற்காக மேற்பார்வையாளர் அவளை இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். மறுநாளே அவள் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனாள். செருப்பு ஆணி அந்தக் கீழ் வரியில் அவன் பெயரான மூன்று எழுத்தின் சாயத்தை உரித்திருந்தது. அதை அவள் பூசவில்லை. அதற்குக் கீழே, வெட்டாத வெறும் கல்லில், தூரிகையை அழுத்திப் பிடித்து எழுதினாள்: மகள் பாங் யுக் முய்.

ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். டப்பாவில் இன்னும் பாதிச் சாயம் இருந்தது.