செவலைக்கு ஒரு எஞ்சின்

செவலை மறுபடியும் பால் வாளியை உதைத்துக் கவிழ்த்தபோது கண்ணையா அதைத் திட்டவில்லை. அதன் இடத்தில் இருந்தால் அவனும் உதைத்திருப்பான். அந்தமானின் பாராடாங் தீவில் வெயில் சாய்ந்து, ஓடைக்கரை அலையாத்திக் காட்டில் காற்று நின்றால் போதும், மணல் ஈ கிளம்பிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். மனிதன் சொறிந்துகொள்ளலாம், லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். மாட்டின் மடிக்கு அந்த வசதி இல்லை.

தேங்காய் மட்டையைக் கொளுத்தி மூட்டம் போட்டுப் பார்த்தான். மழையில் ஊறிய மட்டை, புகைவதற்குள் அணைந்தது. மடியில் வேப்பெண்ணெய் தடவினான். ஈ குறைந்தது, பால் கசந்தது. அதிலிருந்து அவன் பாடம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"சனிக்கிழமை மாட்டு வியாபாரி ஹல்தார் வர்றாரு. புடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் அவன் மனைவி கமலாட்சி. படகுத்துறையில் அவளுக்கு டீக்கடை. ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் பஸ், லாரிக்காரர்கள் அவள் கடையைத் தேடி வருவது கறந்த பாலுக்காக.

"பூச்சி கடிக்குது. மாட்டு மேல என்ன தப்பு?"

"பூச்சிய விக்க முடியாதே. மாட்டத்தான் விக்க முடியும்." வாளியை நிமிர்த்தி வைத்தாள். "பவர்ஹவுஸ் சூப்பர்வைசர் இன்னிக்கும் போன் பண்ணாரு. நைட் ஷிஃப்டுக்கு ஆள் கெடைக்கலயாம்."

கண்ணையா தீவுக்கு மின்சாரம் தரும் டீசல் பவர்ஹவுசில் எட்டு வருடம் இரவு வேலை பார்த்தவன். பகலில் தூக்கம் வராது. வந்தாலும் கனவில் மீட்டர் முள் ஆடும். மழைக்கு முன் ஒரு நாள், பாதி ஷிஃப்டில் டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தவன் திரும்பிப் போகவில்லை. செவலை கன்று போட்டிருந்ததால் கமலாட்சியும் அப்போது பொறுத்துக்கொண்டாள். மாடு போனால் அவன் அந்த நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

ஆனால் பவர்ஹவுஸ் என்றதும் அவனுக்கு ஒன்று உறைத்தது. அதுவும் ஓடைக்கரையில்தான் இருக்கிறது. புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எஞ்சின் புகை வரும் பக்கமாக உட்கார்ந்திருப்பான். அத்தனை வருடத்தில் ஒரு மணல் ஈகூட அவனைக் கடித்ததில்லை.

மறுநாள் செபஸ்தியானிடம் போனான். செபஸ்தியான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்காரர். அவருடைய டோங்கிப் படகில் புது எஞ்சின் ஏறியிருந்தது. பழையது கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது, கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் ஒற்றை சிலிண்டர்.

"மாட்டுக்கா?" என்றார் செபஸ்தியான். "மாட்ட என்ன, கடலுக்கு விடப் போறியளா?"

"பூச்சி வெரட்ட."

"எடுத்துட்டுப் போங்க மாப்ள. ஓடலன்னா நங்கூரமா வச்சுக்கலாம்."

ஓடியது. கண்ணையா அதைத் தொழுவத்துக்குப் பின்புறம் செங்கல் மேல் நிறுத்தி, சைலன்சரில் இரும்புக் குழாய் மாட்டி, குழாயின் மறுமுனையைச் சுவர் ஓட்டை வழியாக உள்ளே விட்டான். கொஞ்சம் புகைக்குக் கொஞ்சம் ஈ போகும் என்றால், முழுப் புகைக்கு முழு ஈயும் போய்விடும் என்பது அவன் கணக்கு.

கமலாட்சி வாசலில் நின்று பார்த்தாள். "ஷிஃப்டுக்குப் போக மாட்டேன்னுட்டு ஷிஃப்டையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்க. வாஹ்."

மணல் ஈ ஓடியது. அதில் குறை சொல்ல முடியாது. செவலை கண்ணில் நீர் வழிய, உதைக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றது. இருமிக்கொண்டே வாளி நிறையக் கறந்தான். அன்று அவன் முகத்தில் இருந்த பெருமை மறுநாள் முதல் பஸ் வரும்வரை தாங்கியது.

மெயின்லாண்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசை மோந்து பார்த்தார். அடுத்தவரும் மோந்து பார்த்தார். லாரி டிரைவர் ஒருவர் மட்டும் முழுவதையும் குடித்து முடித்துச் சொன்னார்: "அண்ணி, டீ நல்லாருக்கு. ஆனா என் வண்டிக்கு ஊத்த வேண்டியத எனக்கு ஊத்திட்டீங்க."

கமலாட்சி மிச்சப் பாலை ஓடையில் கொட்டினாள். கண்ணையாவிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சனிக்கிழம" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை எஞ்சினைச் சுற்றக் கைப்பிடியை எடுத்தான். அந்தக் கைப்பிடியைப் பார்த்ததுமே செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கண்ணையாவின் வீட்டில் நாலு தலைமுறையாகப் பேசுவது தமிழ், திட்டுவது இந்தி. தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்தபடி வாளியோடு பின்னால் ஓடினான்.

மாடு அகப்பட்டது மீன் இறக்கும் கரையில். செபஸ்தியானின் டோங்கி அப்போதுதான் வந்திருந்தது. அவர் மீன் இறக்கும்போது எஞ்சினை நிறுத்துவதில்லை. புதுசும் கைப்பிடி போட்டுச் சுற்றுவதுதான், நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தோள்பட்டை கழன்றுவிடும். புகைக்குழாயிலிருந்து கிளம்பிய புகை காற்றில் பிரிந்து, கரையேறும்போது பார்வைக்கே இல்லாமல் போயிருந்தது. லேசான வாடை மட்டும் வந்தது. படகிலிருந்து நல்ல தூரம் தள்ளி, அந்த வாடை வரும் நேர்கோட்டில் செவலை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வால் அசையவில்லை. காது அசையவில்லை.

கண்ணையா தன் கையைப் பார்த்தான். ஒரு கடி இல்லை. நாலு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தான். உடனே கடித்தது. திரும்பி வந்தான். நின்றது.

"அந்த மாடு ரொம்ப நாளா இங்கதானே வந்து நிக்குது" என்றார் செபஸ்தியான், கூடையைத் தூக்கியபடி. "கவுறு அவுந்த அன்னைக்கெல்லாம் வரும். மீன் வாங்க வருதுன்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"மாட்டப் பத்தி மாட்டுக்காரனுக்கு நான் சொல்லவா?"

கண்ணையா அங்கேயே குந்தினான். மீன் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள், யாரோ போனில் படம் எடுத்தார்கள். செவலை கால் அசைக்காமல் கறக்கவிட்டது. வாளியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்தான். பால் வாடைதான்.

அன்றிரவே சுவர் ஓட்டையை அடைத்தான். எஞ்சினைத் தூக்கிக்கொண்டுபோய் காற்று வரும் பக்கம், வேலியோரம், பலா மரத்தடியில் வைத்தான். மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதை விட்டு, நீளக் கயிற்றில் முற்றத்தில் விட்டான். எங்கே நிற்பது என்று அது முடிவு செய்துகொள்ளட்டும். கறந்த பாலை உடனே மூடியோடு உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பது கமலாட்சி போட்ட சட்டம்.

வெள்ளிக்கிழமைப் பாலில் போட்ட டீயை அவளே முதலில் குடித்தாள். இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை ஹல்தார் வந்தார், கையில் புதுக் கயிறு. எஞ்சின் பலா மரத்தடியில் தடதடத்துக்கொண்டிருந்தது. செவலை முற்றத்தின் நடுவில் தான் தேர்ந்தெடுத்த இடத்தில் நின்றது. கண்ணையா கறந்துகொண்டிருந்தான். வழியெல்லாம் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்த ஹல்தார், மாட்டின் பக்கத்தில் வந்ததும் சொறிவதை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். கையை நீட்டித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

கமலாட்சி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, பேசிய விலைக்கு மேல் தருகிறேன் என்று இந்தியில் சொன்னார்.

"மாடு விக்கறதுக்கில்ல, அண்ணா" என்றாள் அவளும் இந்தியில். "உட்காருங்க. இன்னொரு டீ போடறேன்."

கண்ணையா தலையை நிமிர்த்தவில்லை. நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்திருந்தான். எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஓடியது. எட்டு வருடம் அவனைத் தூங்கவிடாத அதே சத்தம். அதைக் கேட்டபடி அவன் கை மெதுவாகி, நின்று, வாய் லேசாகத் திறந்தது. செவலை பொறுத்துக்கொண்டது.

திண்ணையில் கிடந்த அவன் போன் மினுங்கியது. எஞ்சின் சத்தத்தில் மணி யாருக்கும் கேட்கவில்லை. கமலாட்சி மட்டும் பார்த்தாள். சூப்பர்வைசர். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளியை எடுத்து மூடி போட்டு உள்ளே கொண்டுபோனாள்.