ரெண்டு இன்ச் லூஸ்

ரெஜினா சைடு காருக்குள் சிக்கிக்கொண்டாள். உட்காரும்போது எப்படியோ உள்ளே போன இடுப்பு, எழும்போது வெளியே வர மறுத்தது. அவள் புருஷன் ஸ்டான்லி இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். வண்டிதான் கூடவே வந்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பூங்கொடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். வெளியே வந்த ரெஜினா யார் முகத்தையும் பார்க்காமல், புடவையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

அச்சரப்பாக்கத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருக்கும் ஸ்டான்லி, ஞாயிறுதோறும் கோயில் முடிந்து வந்து, தன் பழைய ஸ்கூட்டரோடு இணைக்கக் கட்டிய சைடு கார் அது. சதுரக் குழாயில் சட்டம் அடித்தான். ஒரு சக்கரம் கோத்தான். மேலே உட்காரும் தொட்டியை எப்படிச் செய்வது என்று கடப்பாக்கத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர்களிடம் கேட்டு வந்தான். தெர்மகோலைச் செதுக்கி அச்சாக்கி, ரெசின் பசை அரிக்காமலிருக்க அதன்மேல் டேப் சுற்றி, பாய் போலிருக்கும் ஃபைபர் மேட்டைப் போர்த்தி ரெசின் பூசிக் காயவைத்தான். வீடு முழுக்க அந்த நெடிதான். ரெஜினா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தைத்தாள்.

எல்லாம் அந்த மழைநாளால் வந்தது. மேல்மருவத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டர் துள்ளியதில் பின்னாலிருந்த ரெஜினா விழுந்துவிட்டாள். ஸ்டான்லிக்குத் தெரியவே இல்லை. "ஷாரோனுக்கு இன்னா வாங்கிக்கினு போலாம்?" என்று கேட்டபடியே அடுத்த வளைவு வரைக்கும் போய்விட்டான். பதில் வராமல் திரும்பிப் பார்த்தால் சீட் காலி.

முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. பஸ், ஆட்டோ எதிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கடப்பாக்கத்தில் தங்கச்சி ஷாரோனுக்குக் குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. பெரியம்மா பார்த்ததெல்லாம் போனில்தான். ஷாரோன் வருகிறேன் என்றாலும், "கைக்கொழந்தைய பஸ்ல தூக்கினு அலையாத" என்பாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நீ ஒக்கார்ற பிளாஸ்டிக் சேரை அளந்துதான் செஞ்சேன், ரெஜி."

"அதுல ரெண்டு பக்கமும் தொறந்து கீதுய்யா. ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் நான் அளவெடுக்குறேன். என்னை அளக்கணும்னு ஒனக்குத் தோணலியே."

யாருக்கென்று சொல்லாமலே செய்து முடித்து, அவளை உட்காரவைத்து அசத்தலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். கிரைண்டரை எடுத்துத் தொட்டியை நடுவில் இரண்டாகப் பிளந்தான். ஃபைபர் தூள் முழங்கையெல்லாம் அரித்தது. சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தான்.

பொழுது சாயும்போது ரெஜினா வந்தாள். கழுத்தில் அளவு டேப். பிளந்து கிடந்த தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"புடி. இடுப்பச் சுத்தி. இறுக்காத."

அவன் அளந்தான். வாய்விட்டுச் சொல்லப் போனான்.

"மனசுல வெச்சிக்க. பூங்கொடி காதுல வுழும். அதுக்கு மேல ரெண்டு இன்ச் லூஸ் வுடு. ஆள் அளவுக்கே தெச்சா ஒக்கார முடியாது."

அடுத்த ஞாயிறு புது அச்சில் மேட் போர்த்தும்போது, தொட்டியின் முன்மூக்கு வளையும் இடத்தில் அது மடிந்து மடிந்து தூக்கிக்கொண்டது. அவன் அழுத்த அழுத்தப் பக்கத்தில் சுருங்கியது. முக்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தாங்கவில்லை.

"டாட் புடிய்யா. ரவிக்கைல மாருக்கு நான் இன்னா பண்றேன்?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். துருப்பிடித்த பழைய கத்தரியைக் கொண்டுவந்து, ஃபைபர் மேட்டில் இரண்டு இடத்தில் முக்கோணமாக வெட்டி, ஓரத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்தாள். வளைவு படிந்து உட்கார்ந்தது. "ஒரு கதவும் வெய்யி. நான் இன்னா சுவர் ஏறிக் குதிக்கவா?" என்றாள். கதவும் வைத்தான்.

எல்லாம் காய்ந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து முடித்த ஞாயிறன்று, "முனை வரைக்கும்தான்" என்று சொல்லி ஏறினாள். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக வண்டி ஓடும்போது அவனுக்கு அவள் ஒரு குரல், முதுகில் இடிக்கும் ஒரு தோள். இப்போது குனிந்தால் முகமே தெரிந்தது. ஒரு லாரி கடந்தபோது அந்த முகம் கண்ணை இறுக்கிக்கொண்டு, "ஏசப்பா" என்றது. பிறகு ஒரு கண் மட்டும் திறந்தது.

"என்னை இன்னா பாக்குற? ரோட்டப் பாரு."

முனை வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"திருப்பட்டுமா?"

அவள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள். "ரோடு நல்லாதான கீது" என்றாள்.

செய்யூரைத் தாண்டி, கடப்பாக்கம் போகும் வழியில் உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில், ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே போனது. ஸ்டான்லி நிறுத்தினான். ஆடுகள் வண்டிக்கு இரண்டு பக்கமும் பிரிந்து உரசிக்கொண்டு நடந்தன. ஒரு குட்டி மட்டும் நின்று, முன்னங்கால் இரண்டையும் சைடு காரின் கதவில் தூக்கிவைத்து, ரெஜினாவை நேருக்கு நேர் பார்த்தது. அவன் கை ஹாரனுக்குப் போனது. அவள் திரும்பாமலேயே, வேண்டாமென்று ஒரு விரலை உயர்த்தினாள். விளிம்பைப் பிடித்திருந்த மற்ற கையையும் எடுத்து, மெல்ல அதன் தாடையருகே கொண்டுபோனாள்.