ஹபீப் முகம்மது வைக்காத ஒட்டு

1987 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தவர்கள்: என் அக்கா சற்குணம், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில். அவர் கணவர் கந்தப்பு அத்தான், அக்காவுக்கு இடப்பக்கம், மடியில் என்னுடைய கோப்புடன். இருவரும் கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியில் வந்தவர்கள். ஜவுளிக்கடை முத்துவீரப்பன், காருக்கு நேர் எதிரே இரும்பு நாற்காலியில். பக்கத்து வீட்டு ஜெயராஜ், படிக்கட்டில். ஜுருவில் கார் விற்கும் இடமொன்றில் வேலை பார்ப்பவன். என் மனைவி வள்ளிநாயகி உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றாள். நான் காரின் வலப்பக்கக் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

ஹபீப் முகம்மது இல்லை. அவரை நான் அழைக்கவில்லை.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவைப்பது பாரிட் புந்தார் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனாக இருந்தபோது படிந்த பழக்கம். ஆனால் இந்தப் பட்டியலைப் பழக்கத்துக்காக எழுதவில்லை. அன்று என் வாயிலிருந்து வந்த பொய்யைக் கேட்டவர்கள் இந்த ஐந்து பேர். ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாது.

கார், 1956ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். நான் துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது இரண்டாம் கையாக வாங்கியது. கடைசி ஆறு வருடம் ஓடாமல் கிடந்தது. மலையடிவார மழை எங்கள் ஊரில் யாரையும் கேட்டுவிட்டுப் பெய்வதில்லை. கொட்டகைத் தகரத்தின் ஓட்டை வழியே காருக்குள்ளும் பெய்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் வாங்கி வந்து, அதை நானே பழையபடி ஆக்குவேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. எழுதினேன். எந்தத் தேதியில் எந்தப் பாகம், என்ன வேலை, செய்தவர் யார் என்று கோடு போட்ட தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். மட்கார்டு இரண்டையும் கழற்றித் துரு சுரண்டியது நான். கதவுகளைத் தேய்த்துச் சிவப்பு ப்ரைமர் அடித்தது நான். அவை பொய்யில்லை, இன்றைக்கும் போய்த் தட்டிப் பார்க்கலாம்.

பற்றவைக்கிற வேலை எனக்கு வராது. அதற்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவை அழைத்தேன். மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, கேஸ் சிலிண்டரை மூன்று சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் காலடியில் ஓட்டையாகியிருந்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். நீளமும் அகலமும் மூன்று முறை அளந்தார். முடித்துவிட்டு, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பட்டையைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். ஈர அட்டைப்பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"இது உள்ளுக்குள்ள செத்துப்போச்சு அண்ணே. அந்தப் பக்கமும் இதே கதைதான். ரெண்டையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். மூணு வாரம் கொடுங்க."

"பன்னிரண்டு நாள்தான் இருக்கு. காரைப் பாக்கப் பதினஞ்சாம் தேதி வரச்சொல்லி எல்லாருக்கும் கடிதம் போட்டுட்டேன்."

"கடிதம் போட்டா இரும்பு கேக்குமா?" என்று சிரித்தார். "தேதிய மாத்துங்க லா. காரு எங்கயும் ஓடிப் போகாது. அதுக்குத்தான் அடிப்பட்டையே இல்லையே."

தேதியை மாற்றியிருக்கலாம். மூன்று தபால் தலைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்காது. ஆனால் சொன்ன தேதியில் சொன்னதைச் செய்பவன் என்று முப்பது வருடமாகப் பெயர் எடுத்தவன் நான். அன்று மாலை கோப்பைத் திறந்து எழுதினேன்: "3.3.87. தரைத் தகடு, இருபக்கக் கீழ்ப்பட்டைகள். பற்றவைத்தவர்: ஹபீப் முகம்மது." எழுதும்போது அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பதிவு முன்னால் போகட்டும், வேலை பின்னால் வந்து சேரும் என்று நினைத்தேன். அலுவலகத்தில் அப்படிச் செய்திருக்கிறோம்.

வேலை பின்னால் வரவில்லை. பத்தாம் தேதி, பட்டையின் பொத்தல்களுக்குள் அன்றைய நாளிதழைக் கசக்கித் திணித்தேன். மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை. அதன் மேலே, காய்ந்தால் இறுகும் புட்டிப் பசை. இரண்டு நாள் தேய்த்து வழவழப்பாக்கிப் பச்சை வர்ணம் அடித்தேன். கார் முழுவதிலும் அந்த இடம்தான் மிக அழகாக அமைந்தது. புட்டி குழைப்பதற்கு இடியப்பத் தட்டு ஒன்றை எடுத்திருந்தேன். வள்ளிநாயகி தட்டைத் தேடி வந்தாள், என் கையைப் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் உடைத்தாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அத்தான் கோப்பைப் புரட்டி ஒவ்வொரு தேதியாக உரக்க வாசித்தார்.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு எழுத்து வேல நடக்கலண்ணே," என்றார் முத்துவீரப்பன்.

"கல்யாணத்துக்கு ப்ரைமர் தேவையில்ல லா செட்டியாரே," என்றான் ஜெயராஜ்.

எல்லோரும் சிரித்தோம். முதலில் ஏறி உட்காரவேண்டியது அக்கா என்று அத்தான் சொன்னார். அக்கா கனத்த உடம்பு. புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றி, வலது காலைப் பட்டையின் மேல் ஊன்றினார். பிஸ்கட் உடைகிற சத்தம். கால் உள்ளே இறங்கியது. ஜெயராஜ் ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்தான். அக்கா காலை இழுத்தபோது வர்ணமும் புட்டியும் பாளமாகப் பெயர்ந்து விழுந்தன. கம்பிவலை துருத்திக்கொண்டது. அதன் பின்னாலிருந்து காகிதம் தொங்கியது.

"என்ன தம்பி இது, உள்ளுக்க பேப்பர் கிடக்கு?" என்றார் அக்கா.

ஜெயராஜ் குனிந்து பார்த்தான். "இது வெல்டிங்கே இல்ல அங்கிள். பேப்பர அடைச்சு மேல புட்டி பூசியிருக்கான்."

அத்தான் கோப்பைப் புரட்டினார். அவர் தேடியது எனக்காகத்தான். "இஞ்ச கிடக்கு. மூன்றாம் தேதி. இருபக்கக் கீழ்ப்பட்டைகள். பற்றவைத்தவர், ஹபீப் முகம்மது."

"நம்ம ஹபீப் பாயா?" முத்துவீரப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். "கடை வேன அவருகிட்டத்தானே விடுறதா இருந்தேன். நேரம் பாத்தீங்களா."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் சொல்லியிருந்தால் ஒரு காலை நேரத்து அவமானத்தோடு முடிந்திருக்கும். நான் தொங்கிய காகிதத்தை இழுத்துக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நம்பித்தான் விட்டேன்," என்றேன்.

வள்ளிநாயகி உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். சாப்பாட்டில் அக்கா தன் வடையை எடுத்து என் இலையில் வைத்து, "யோசியாத தம்பி, இந்தக் காலத்தில ஆக்களை நம்பேலாது," என்றார். நான் அந்த வடையைச் சாப்பிட்டேன். முத்துவீரப்பன் வேனை அடுத்த திங்கட்கிழமை ஜுருவுக்கு அனுப்புவது என்று ஜெயராஜோடு பேசி முடித்தார். நான் அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்தேன்.

புதன்கிழமை ஹபீப் முகம்மது வந்தார். கையில் டார்ச் விளக்கு. வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, நான் வச்ச ஒட்டு விட்டுப்போச்சுன்னு மார்க்கெட்ல பேசிக்கிறாங்க. அக்கா கால் உள்ள போயிடுச்சாமே. அடி பட்டுச்சா?"

"அடி இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன், எங்க தப்பு பண்ணேன்னு புரியல. அன்னைக்குக் கேஸ் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, அதனால இருக்குமோ என்னமோ. காட்டுங்க. திரும்பப் பண்ணித் தர்றேன், உங்களுக்கு ஒண்ணும் செலவு வேணாம்."

அவர் தன் வேலையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னையல்ல.

காருக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். தரைத் தகட்டின் விளிம்பு முழுவதையும் கட்டைவிரலால் தடவினார். "இது நல்லாத்தானே இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டார்ச்சைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தார். கம்பிவலையை ஒரு விரலால் தொட்டார். அவருடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

எழுந்து வந்து கையைத் துடைத்தார்.

"இது நான் செய்யல அண்ணே."

"தெரியும்."

"அன்னைக்கு அவங்ககிட்ட அதச் சொன்னீங்களா?"

வள்ளிநாயகி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவர் நின்றபடியே முழுதும் குடித்து, குவளையை அவளிடம் கொடுத்து, "தேங்க்ஸ் அக்கா," என்றார்.

வாசல் கேட் வரை போனவர் திரும்பினார். "செட்டியார் வேன் போனாப் போகுது. வேற வேல வரும். ஆனா இருபது வருஷமா இந்த ஊர்ல தொழில் பண்றேன், ஹபீப் பேப்பர வச்சு அடைச்சான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல." பிறகு, மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டவர் போல, "அந்தப் பட்டைய அப்படியே விட்டுடாதீங்க. கதவு தொங்கிரும்," என்றார்.

அவர் போனபின் வள்ளிநாயகி குவளையைக் கழுவாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ. ஆக்களுக்கு முன்னால உங்கட மரியாதை போகக்கூடாதெண்டு நான் பேசாம இருந்தனான். இனியும் இருக்கச் சொல்லாதேங்கோ. நாளைக்கு மார்க்கெட்டில அவரிட்ட மனுசியைக் கண்டா நான் எங்க பாக்கிறது?"

அன்று பிற்பகலே மேசையில் உட்கார்ந்தேன். முதல் கடிதம் முத்துவீரப்பனுக்கு. திங்கட்கிழமைக்கு முன் போய்ச் சேரவேண்டியது அதுதான். "கோப்பில் ஒரு தவறு நேர்ந்துள்ளது" என்று தொடங்கினேன். வாசித்துப் பார்த்தேன். ஏதோ எலி வந்து தவறு செய்துவிட்டுப் போனது போல இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் மழையைப் பற்றியும் என் வயதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

"கீழ்ப்பட்டைகளை ஹபீப் முகம்மது பற்றவைக்கவில்லை. வெட்டி எடுக்கவேண்டும், மூன்று வாரம் வேண்டும் என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. காகிதமும் புட்டியும் வைத்தது நான். அவர் பெயரைக் கோப்பில் எழுதியது நான். அவர் வைத்த ஒட்டு தரைத் தகடு ஒன்றே. அது இன்றும் உறுதியாக இருக்கிறது. வேனை எங்கே விடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் என் பொய்யை நம்பி முடிவு செய்யாதீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தேன். மூலையில் மார்ச் 10 என்று தேதி தெளிவாக இருந்தது. ஹபீப் என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அச்சான தாள். அதை அப்படியே, ஒட்டிய புட்டியோடு, கடிதத்துடன் வைத்தேன். கோப்பில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒன்று, ஜெயராஜுக்கு ஒன்று என்று அதே வாசகத்தை, வேன் வரியை மட்டும் விட்டு, பிரதியெடுத்தேன். ஹபீபுக்கான பிரதியைத் தபாலில் போடப்போவதில்லை. பட்டறைக்குப் போய், யார் இருந்தாலும் அவர்கள் முன்னால், நானே வாசிக்கவேண்டும்.

வள்ளிநாயகியிடமும் ஒன்றை நீட்டினேன். அவளும் அன்று அங்கே இருந்தவள்தானே. நின்றபடி வாசித்தாள்.

"எல்லாம் சரி. 'நம்பித்தான் விட்டேன்' எண்டு சொன்னனீங்கள். அதை எழுதேல்லையே."

"அதை அவை காதால கேட்டதுதானே."

"கேட்டவை. அது பொய்யெண்டு அவைக்கு ஆர் சொல்றது?"

மறுபடி உட்கார்ந்து, எல்லாப் பிரதியிலும், ஹபீபுடையதில் மட்டும் 'உங்கள்' என்பதை 'அவர்கள்' என்று மாற்றி, அடியில் சேர்த்தேன்: "'நம்பித்தான் விட்டேன்' என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும்." கையெழுத்துப் போட இடம் போதவில்லை, ஓரத்தில் நெருக்கிப் போட்டேன்.

முத்துவீரப்பனின் உறை புட்டித் துண்டால் புடைத்துக்கொண்டு சரியாக மூடவில்லை. இரண்டு முறை கோந்து தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். மற்றவற்றையும் ஒட்டி எடுத்துக்கொண்டு, ஹபீபின் பட்டறைக்குப் போகும் வழியில் இருக்கும் தபால் பெட்டிக்கு நடந்தேன். புடைத்த உறை பெட்டியின் வாயில் சிக்கியது. விரலால் உள்ளே தள்ளினேன். விழுந்தது.